பாஸ்கோ வீட்டுக் கணப்பு

டெஸ் பாஸ்கோவுக்கு எதையும் சட்டென்று வாங்க வராது. ஒரு கெட்டில் வேண்டுமென்றால் எங்கள் ஊர் பல்லாரட்டில் இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்கி, மூடியைத் திறந்து பார்த்து, விலை கேட்டு, கடைசியில் பழைய கெட்டிலையே இன்னொரு வருஷம் வைத்துக்கொள்வான். வேலை பார்த்த காலமெல்லாம் பெயின்ட் கடைக் கவுன்டரில் நின்றவன். வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது, வெள்ளைகள்தான் உண்டு என்று வாடிக்கையாளர்களிடம் சண்டை போடுவான். அப்படிப்பட்டவன், வீட்டைச் சூடாக்க கேஸா, கரண்டா என்று யோசிக்க உட்கார்ந்தான். ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்தான். அடுத்த குளிர்காலமும் வந்துவிட்டது.

எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகை வேலிதான். நான் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். என் மனைவி நோலீனும் டெஸ்ஸின் மனைவி வெர்னாவும் அந்த வேலியருகே நின்று பேசிய பேச்சை எழுதினால் ஒரு அலமாரி கொள்ளாது.

பாஸ்கோ வீடு பழைய மரப்பலகை வீடு. கூடத்தில், முன்பு விறகு எரித்த இடத்தில், அவர்கள் குடிவந்தபோதே இருந்த ஒரு கேஸ் ஹீட்டர். கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு எரியும், புகை பழைய புகைபோக்கி வழியாக மேலே போய்விடும். அதன் முன்னால் நின்றால் முழங்கால் வெந்துபோகும். இரண்டு எட்டு நகர்ந்தால் முதுகு விறைக்கும். ஜூன் பிறந்து குளிர்காலம் தொடங்கிவிட்டால் வெர்னா வீட்டுக்குள்ளேயே கோட்டும் கம்பளித் தொப்பியுமாகத்தான் நடமாடுவாள்.

"எதையாவது வாங்கித் தொலையேன் டெஸ். கேஸோ கரண்டோ, எதுவா இருந்தாலும் சரி. நான் போனப்புறம் என் பொணத்துக்கா சூடு காட்டப் போற?" என்று அவள் கத்துவது எங்கள் சமையலறை வரை கேட்கும்.

ஒருநாள் டெஸ் அளவு நாடாவோடு வேலிப் பக்கம் வந்தான்.

"மெர்வ், உன் படுக்கையறை இந்தப் பக்கம்தானே?"

"ஏன், வந்து படுக்கப் போறியா?"

"இல்லடா. சூடு குடுக்கற ஏசி போட்டா வெளியில ஒரு பெட்டி வைக்கணும். ராத்திரி பூரா உர்ருனு ஓடும். உனக்குத் தூக்கம் கெடுமான்னு கேக்கறேன்."

"நோலீன் குறட்டை பக்கத்துலயே தூங்கறவன்டா நான். தாராளமா வை."

"வைக்கலாம். ஆனா அது வெளிக் காத்துலேருந்து சூட்டை எடுக்குதாம். காலைல புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கெடக்கு. அந்தக் காத்துல எடுக்க என்னடா இருக்கு?"

"அப்போ கேஸ் வாங்கு."

"கேஸ்னா நெருப்பு, கண்ணால பாக்கலாம். ஆனா இனிமே கேஸே வேணாம்னு கவர்மென்ட்டு பேசிட்டிருக்கு. புதுசா வாங்கி மாட்டினப்புறம் குழாயை மூடிட்டான்னா?"

"அப்போ கரண்ட்."

"புயல்ல கரண்ட் போச்சுன்னா?"

"அப்போ கேஸ்."

"நீ யோசிக்காம பேசற" என்று சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனான்.

எதை வாங்கினாலும் முதலில் வீட்டில் காற்று புகும் சந்துபொந்துகளை அடைக்க வேண்டும் என்று எங்கோ படித்திருக்கிறான். அதற்கு முடிவு எதுவும் எடுக்கத் தேவையில்லை அல்லவா, அதனால் உற்சாகமாக இறங்கிவிட்டான். ஈஸ்டருக்கு முன்பே கதவடி, ஜன்னல் சட்டம், தரைப்பலகை இடுக்கு எல்லாவற்றையும் பசை போட்டு அடைத்தான். சுவரின் மேல்பக்கத்தில் காற்று வந்துபோகப் பழைய காலத்தில் வைத்த ஓட்டைத் தகடுகள் இருந்தன. அவற்றையும் அட்டை வைத்து மூடி, சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்துவிட்டான். தேடினாலும் தெரியாது. ஈஸ்டருக்கு பெர்த்திலிருந்து வந்த மகன், அம்மாவுக்குப் பரிசாக அடுப்புக்கு மேல் ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக் கொடுத்தான். அது ஓடினால் மேசைத்துணி ஆடும்.

அந்த வருஷம் குளிர் தொடங்கியபோது பாஸ்கோ வீடு முதல் முறையாகக் கதகதப்பாக இருந்தது. வெர்னா தொப்பியைக் கழற்றினாள். எங்களைக் கூப்பிட்டுப் பூசணி சூப் கொடுத்தாள். "பாத்தியா, ஒண்ணும் வாங்காமலே பாதி வேலை முடிஞ்சுது. இனிமே நிதானமா முடிவு பண்ணலாம்" என்றான் டெஸ். அவன் பகலெல்லாம் பின்னால் இருந்த ஷெட்டில்தான் இருப்பான். அங்கே ஒரு சின்ன மின் கணப்பை வைத்து, எத்தனை நேரம் ஓடினால் மீட்டர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். வெர்னா கூடத்தில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பின்னுவாள், சமைப்பாள், டிவி பார்ப்பாள்.

ஜூன் கடைசியில் அவளுக்குத் தலைவலி ஆரம்பித்தது. முதலில் சளிக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம், ஊரில் பாதிப்பேருக்கு இருந்தது. பிறகு கிறுகிறுப்பு. மாவு பிசைந்துகொண்டே இருப்பவள் நிறுத்திவிட்டு, எதற்காக நிற்கிறோம் என்று தெரியாமல் நிற்பாள். காரணமில்லாமல் அழுவாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மனசு சோர்ந்திருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டும் குறையவில்லை.

ஒருநாள் வேலியருகே நோலீனிடம் சொல்லியிருக்கிறாள்: "இந்த வீட்டுக்குள்ள போனாலே எனக்கு மூச்சு முட்டுதுடி. வெளிய உன்கிட்ட நின்னு பேசறேன் பாரு, தலை தெளியுது. கதவைத் திறந்து உள்ள போனா மறுபடி அழுத்துது."

"டெஸ் ஏதாவது சொன்னானா?"

"அவன் எங்க சொல்றான்? ஷெட்டுல இருக்கான். சாப்பிட வரான், கேஸ் கரண்டுனு பேசறான், போறான்."

இருவருக்கும் நடுவில் பழைய கதை ஒன்று உண்டு. வெர்னா கடற்கரை ஊரான வார்னம்பூலில் பிறந்தவள். டெஸ் ஓய்வு பெற்றதும் அங்கே போய்விட வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் தங்கை ரோண்டா அங்கேதான் இருக்கிறாள். டெஸ்ஸும் மறுக்கவில்லை, வீடு பார்த்தான். பார்த்தான், பார்த்தான், இரண்டு வீட்டை எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டும் விலைபோயின. பிறகு விலையெல்லாம் ஏறிவிட்டது. வெர்னா அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள்.

ஜூலையில் ஒரு சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் அது வெளியே வந்துவிட்டது. பிற்பாடு டெஸ்தான் எனக்குச் சொன்னான். அவன் ஏதோ ஒரு ஏசியின் சத்த அளவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தானாம். அவள் முள்கரண்டியை வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வீட்ல எனக்கு மூச்சு முட்டுது டெஸ்."

"ஜன்னலைக் கொஞ்சம்..."

"ஜன்னல் இல்ல. உன்கூட இருந்தா முட்டுது."

"என்னாலயா?"

"தெரியல. நீ உள்ள வந்து உக்காந்து பேச ஆரம்பிச்சாலே தலை வெடிக்குது. என் வாழ்க்கை பூரா நீ முடிவு பண்ணுவன்னு காத்துக்கிட்டே இருந்துட்டேன். எனக்கு முடியல."

மறுநாள் பேருந்து பிடித்து ரோண்டா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் முடிவதற்குள் நோலீனுக்கு போன் வந்தது. வெர்னாவின் குரலே மாறிவிட்டிருந்தது. "தலைவலி போயிடுச்சுடி. சாப்பிடறேன், நடக்கறேன், நேத்து ரோண்டா ஏதோ சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சேன்" என்றாள். பிறகு, "அப்போ காரணம் அவன்தான் நோலீன். இத்தனை நாள் எனக்கே தெரியல" என்றாள். அதைச் சொன்னபோது அவள் அழுதாளாம்.

ஆகஸ்டில் ஒருமுறை திரும்பி வந்தாள். மனதைச் சரிசெய்துகொண்டுதான் வந்தாள், விட்டுவிட்டுப் போகும் எண்ணம் அவளுக்கு அப்போது இல்லை. டெஸ் காலையிலிருந்தே ஹீட்டரை முழு அளவில் எரிய விட்டிருந்தான். அவளுக்குப் பிடிக்குமே என்று ஆட்டுத் தொடையை அடுப்பில் வைத்து, வீட்டில் புகை வாடை தங்கக் கூடாதென்று எக்ஸாஸ்ட் ஃபேனையும் முழு வேகத்தில் வைத்திருந்தான். சட்டை இஸ்திரி போட்டிருந்தான். கேஸ், கரண்ட் என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

இருவரும் கூடத்தில் உட்கார்ந்து நன்றாகப் பேசியிருக்கிறார்கள். சாப்பாடு முடிவதற்குள் வெர்னாவுக்கு நெற்றி இடிக்கத் தொடங்கிவிட்டது. இரவு இரண்டு முறை வாந்தி எடுத்தாள். விடிந்ததும் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி சொன்னாள்: "அவன் நேத்து அவ்வளவு நல்லவனா இருந்தான். அப்பவும் என் ஒடம்பு அவனை ஏத்துக்கல. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் பெரிய பெட்டியோடு கிளம்பினாள். டெஸ் வாசலில் நின்று கையசைக்கவில்லை. பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு நேராக உள்ளே போய்விட்டான்.

அதன்பிறகு அவன் ஷெட்டுக்குப் போவதை நிறுத்தினான். ஹீட்டர் முன்னால் வெர்னாவின் நாற்காலியில் உட்கார்ந்தான். தூக்கமும் அங்கேயேதான். எதையோ வாட்டப் போய்த் தீய்த்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவான், அணைக்க மறந்துவிடுவான். ஒருநாள் நோலீன் கொடுத்த சூப்போடு போனேன். முகம் வீங்கி, கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமை, டிவியில் கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது. யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை.

"தலை விண்ணு விண்ணுனு தெறிக்குது மெர்வ். எழுந்தா காலு நிக்க மாட்டேங்குது. மனசு ஒடஞ்சு போறதுனு சொல்வாங்களே, அது சும்மா பேச்சுனு நெனச்சேன். ஒடம்புலயே தெரியுதுடா."

"டாக்டரைப் பாரு."

"அவர் என்ன பண்ணுவார்? பொண்டாட்டியைக் கொண்டுவந்து தருவாரா?"

எனக்கே அந்த அறையில் என்னவோ போலிருந்தது. ஜன்னலைக் கொஞ்சம் திறக்கட்டுமா என்றேன். "வேணாம், சூடு போயிடும்" என்றான். துக்க வீட்டில் உட்கார்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலை நேரம் எங்கள் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். கேஸ் வேலை செய்கிற ப்ரெண்டன் என்ற ஆள். புதிய கேஸ் ஹீட்டருக்கு விலை சொல்ல வரும்படி டெஸ் அவனுக்கு எப்போதோ சொல்லி வைத்திருந்தான், வெர்னா போவதற்கு முன்பாகவே இருக்கும்.

"பக்கத்து வீட்ல ஆள் இருக்காரா? டிவி சத்தம் கேக்குது, கதவைத் திறக்க மாட்டேங்கறார்."

எங்களிடம் சாவி இருந்தது. திறந்ததும் ப்ரெண்டன் இடுப்பில் மாட்டியிருந்த சின்னக் கருவி ஒன்று கீச்சிட ஆரம்பித்தது. அவன் என் மார்பில் கைவைத்துப் பின்னால் தள்ளினான். "நீங்க வராதீங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க." வெளிச்சுவருக்கு ஓடி மீட்டருக்குப் பக்கத்தில் கேஸை அடைத்தான். பின்கதவையும் முன்கதவையும் விரியத் திறந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். டெஸ்ஸை அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வந்து புல்லில் போட்டான். டெஸ்ஸின் கன்னம் சின்னக் குழந்தையின் கன்னம் போல ரோஜா நிறத்தில் இருந்தது. மூச்சு இருந்தது.

புகைபோக்கிக் குழாய் உள்ளே பாதி அடைத்துப் போயிருந்ததாம். வீட்டில் காற்று வர வேறு வழியே இல்லாததால், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போதெல்லாம் மேலே போக வேண்டிய புகையைக் கூடத்துக்குள் இழுத்திருக்கிறது. அதில் இருக்கும் விஷவாயுவுக்கு வாடை இல்லை, நிறமும் இல்லை. "குளிர் ஆரம்பிச்சதுலேருந்தே இப்படித்தான் இருந்திருக்கும்" என்றான் ப்ரெண்டன். நோலீன் அவனுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். பிறகு வெர்னாவுக்கு போன் செய்தாள்.

முதலில் டெஸ் பிழைத்துவிட்டான் என்று சொன்னாள். பிறகு ஹீட்டரைப் பற்றிச் சொன்னாள். லைன் போய்விட்டதோ என்று நோலீன் இரண்டு முறை கூப்பிட்டாள்.

"இருக்கேன். தலைவலி அதனாலயா?" என்றாள் வெர்னா.

"அதனாலதான்."

"எல்லாமா?"



மறுநாள் ரோண்டா வெர்னாவை மருத்துவமனைக்கு அழைத்து வந்தாள். டெஸ் பிராணவாயு முகமூடியைக் கழற்றிவிட்டு, சிறுபிள்ளை பரிசு வாங்கியது போல அவளைப் பார்த்துச் சிரித்தான். நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன்.

"நான் இல்ல வெர்ன். ஹீட்டர். நான் இல்ல."

"ஆமா டெஸ்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "முகமூடியைப் போடு."

வீட்டுக்கு வந்த அன்றே அவன் முடிவெடுத்துவிட்டான். முதலில் போனை எடுத்த கடைக்காரனிடம், கூடத்துக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, ஏசி மாட்டச் சொன்னான். விலையே கேட்கவில்லை. கேஸ் இணைப்பை வேரோடு பிடுங்கச் சொன்னான். புகைபோக்கியைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். சுவரில் அவன் பெயின்ட் அடித்து மறைத்த தகடுகளைத் தேடித் தேடித் திறந்தார்கள். எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது. விஷம் அவனை முழுதாக விடவில்லை. வலது கை நடுங்கியது, பேசும்போது சாதாரணச் சொற்கள் கிடைக்காமல் தடுமாறுவான். ஆனாலும் பறவை போலத் துள்ளிக்கொண்டிருந்தான். வெர்னா வந்து பார்க்கட்டும் என்றான்.

அவள் வந்தாள். ஒரு வாரம் இருந்தாள். வீடு எல்லா மூலையிலும் ஒரே மாதிரி இளஞ்சூடாக இருந்தது. சமைத்தாள், தூங்கினாள், அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். கிளம்புவதற்கு முதல்நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நோலீன் ஆவலோடு கேட்டாள்: "தலை வலிச்சுதா?"

"கொஞ்சங்கூட இல்ல. அதான்டி கஷ்டமா இருக்கு."

"என்ன கஷ்டம்?"

"வலிச்சிருந்தா அதுமேல பழியைப் போட்டுட்டுப் போயிருப்பேன். இப்போ ஒரு நோவும் இல்ல. அப்பவும் காலைல எழுந்ததும் கடல் சத்தத்தைத் தேடறேன். அங்க ரோண்டா வீட்டுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு வீடு வாடகைக்கு வருது. பாத்த அன்னிக்கே சரின்னு சொல்லிட்டேன்."

"டெஸ்ஸையும் கூட்டிட்டுப் போயேன்."

"கேட்டேன். வர மாட்டேங்கறான். 'என்கூட இருந்தா மூச்சு முட்டுதுன்னு சொன்னியே, அது கேஸ் பேசினதுன்னு டாக்டர் சொல்றாரு. ஆனா குரல் உன்னோடதுதானே வெர்ன்' அப்படிங்கறான். அதைச் சொல்றதுக்கே வார்த்தை கிடைக்காம எவ்வளவு நேரம் திணறினான் தெரியுமா? நான் பொறுமையா கேட்டேன். இல்லைன்னு சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். வரல."

நோலீன் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. கை நடுங்குவதால் டெஸ் கார் ஓட்டுவதில்லை. இரண்டு ஊருக்கும் இடையில் மார்ட்லேக் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. மாதத்தில் ஒருநாள் நான் அவனை அங்கே அழைத்துப் போவேன். வெர்னா அந்தப் பக்கத்திலிருந்து வருவாள். பேக்கரியில் இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் என் பங்கை வாங்கிக்கொண்டு காருக்கு வந்துவிடுவேன்.

போன முறை மழை. காரின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் அவனுடைய இறைச்சி வைத்த பேஸ்டியைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். பிறகு இருவரும் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். கடை மூடும்வரை எழவில்லை. வாசலில் அவன் அவள் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டான்.

திரும்பும் வழியில், ஸ்கிப்டன் என்ற ஊரைத் தாண்டியதும் டெஸ் கேட்டான்.

"அவ நல்லா இருக்கா, இல்ல மெர்வ்?"

"நல்லா இருக்கா."

"கன்னத்துல கொஞ்சம் சதை போட்டிருக்கு."

"ஆமாடா."

தலையாட்டினான். ஏதோ ஒரு சொல்லைத் தேடுவது போல உதட்டை அசைத்தான். நான் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தேன். அது அவனுக்குக் கிடைக்கவில்லை. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் மறுபடி வேகத்தைக் கூட்டினேன்.